அமெரிக்காவில் வீட்டு அப்ரைசல் குறைவாக வந்ததா? பாகுபாடு என்று சந்தேகம் எழுந்தால் செய்ய வேண்டியவை

பழைய வீட்டுக் கடனைப் புதிய கடனாக மாற்றும் ரீஃபைனான்ஸுக்கோ வீடு வாங்கவோ லோன் போட்டிருக்கிறீர்கள். கடன் தரும் லெண்டர் அனுப்பிய அப்ரைசர், அதாவது வீட்டை மதிப்பிடுபவர், வந்து அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார். அடுத்த வாரம் வரும் அறிக்கையில், அதே தெருவில் விற்ற வீடுகளைவிட உங்கள் வீட்டுக்குப் பல ஆயிரம் டாலர் குறைத்துப் போட்டிருக்கிறது. அந்த நேரத்தில் கையில் வைத்துக்கொள்ள ஒரு வழிகாட்டி வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மேரிலாந்தில், பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்ட்டியில், போவி பக்கம். எங்கள் தெருவில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். அரசு வேலை, ராணுவம், மருத்துவமனை என்று நல்ல நிலையில் இருக்கும் குடும்பங்கள். எங்கள் ரீஃபைனான்ஸ் அப்ரைசலில், பக்கத்திலேயே அண்மையில் விற்ற வீடுகளை விட்டுவிட்டு, வாஷிங்டன் எல்லையை ஒட்டிப் பல மைல் தள்ளியிருக்கும் பழைய சிறு வீடுகளோடு எங்கள் வீட்டை ஒப்பிட்டிருந்தார்கள். எதிர்த்து எழுதி மதிப்பை உயர்த்த முடிந்தது. ஆனால் எந்தத் தாள் யாரிடம் போக வேண்டும், எதற்கு எத்தனை நாள் என்று சொல்ல ஆளில்லாமல் மிகவும் அலைந்தோம். நான் வழக்கறிஞர் இல்லை. இவை நடந்து தெரிந்துகொண்டவை.

தொடங்கும் முன் ஒன்று. நம் ஆட்களில் பலர், "இது கறுப்பின மக்களுக்கு நடப்பது, நமக்கு எதற்கு?" என்று கேட்கிறார்கள். கடன் தருவதில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தின் விதிகள், விண்ணப்பிப்பவரின் இனத்தை மட்டும் பார்ப்பதில்லை. நிறம், மதம், பிறந்த நாடு எல்லாம் அதில் உண்டு. அடமானம் வைக்கும் வீட்டைச் சுற்றி வாழ்பவர்களின் இனத்தைக் காரணமாக்கி உங்களைக் குறைவாக நடத்தினாலும் அது பாகுபாடுதான். 2021-இல், வீட்டுக் கடன்களை லெண்டர்களிடமிருந்து வாங்கும் ஃபிரெடி மேக் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், வீடு வாங்கும்போது ஒப்பந்த விலைக்கும் கீழே அப்ரைசல் வந்தது வெள்ளையினப் பகுதிகளில் 7.4 சதவீதம், கறுப்பினப் பகுதிகளில் 12.5, லத்தீன் மக்கள் வாழும் பகுதிகளில் 15.4. அந்தத் தெருக்களில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பத்துக்கும் அதே அறிக்கைதான் வரும். வீடு தேடும்போது "அந்த ஏரியா வேண்டாம்" என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் இதே கணக்கில்தான் சேர்கிறது. அதையும் நாம் யோசிக்க வேண்டும்.

1. கடன் விகிதத்தைக் கணக்கிடுங்கள்

வீட்டு மதிப்பில் கடன் எத்தனை சதவீதம் என்பதுதான் கடன் விகிதம். கோபம் வரும் முன் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 4,00,000 டாலர் கடன், 5,20,000 டாலர் வீடு என்றால் கடன் விகிதம் 77 சதவீதம். அதே வீட்டை 4,80,000 என்று எழுதிவிட்டால் 83 சதவீதம். 80-ஐத் தாண்டியதும் வழக்கமான கடனில், லெண்டரின் பாதுகாப்புக்காக நீங்கள் கட்டும் பிஎம்ஐ காப்பீடு மாதா மாதம் ஒட்டிக்கொள்ளும், வட்டியும் ஏறலாம். வீட்டின் பேரில் கூடுதல் பணம் எடுக்கும் ரீஃபைனான்ஸ் என்றால் 80-க்கு மேல் பெரும்பாலும் கிடைக்கவே கிடைக்காது. எந்த மதிப்பு வந்தால் உங்கள் காரியம் நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால், எவ்வளவு தூரம் போராடுவது என்றும் தெரியும்.

லோன் ஆஃபீசரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: அப்ரைசல் இல்லாமலே இந்தக் கடனை முடிக்க வழி உண்டா? ஃபிரெடி மேக், அதே மாதிரி நிறுவனமான ஃபேனி மே இரண்டும் சில கடன்களுக்கு அந்தச் சலுகையைத் தருகின்றன. கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை, கட்டணமும் மிச்சம்.

2. அப்ரைசர் வருவதற்கு முன்

அப்ரைசரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. லெண்டர் ஓர் இடைநிலை நிறுவனம் வழியாக அனுப்புவார். கட்டணம் உங்களுடையது, தனி வீட்டுக்கு 500 டாலருக்கும் மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவது நீங்கள் என்றாலும் அவருடைய வாடிக்கையாளர் லெண்டர்தான்.

வருவதற்கு முன் ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல் தயாரித்து அச்செடுத்துக் கையில் கொடுங்கள். கூரை மாற்றிய ஆண்டு, ஏசி, ஹீட்டர், சன்னல், சமையலறை, குளியலறை, பேஸ்மென்ட் வேலை, ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு. பெர்மிட் எடுத்துச் செய்த வேலை என்றால் அதன் எண்ணும் வேண்டும். எங்கள் கவுன்ட்டியில் பெர்மிட் தருவது டிபிஐஇ என்ற துறை. பழைய பெர்மிட் விவரத்தை அவர்களிடம் கேட்டு வாங்கலாம். பெர்மிட் இல்லாமல் முடித்த பேஸ்மென்டுக்கு முழு மதிப்புக் கிடைப்பது கஷ்டம்.

நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது: ஒரு படுக்கையறையைப் பூஜை அறையாக வைத்திருப்போம். அலமாரியும் சன்னலும் உள்ள அறை என்றால் அது படுக்கையறைதான். வாயால் சொல்லுங்கள், பட்டியலிலும் எழுதுங்கள். நான்கு படுக்கையறை வீடு அறிக்கையில் மூன்றாகிவிட்டால் அங்கேயே மதிப்பு இறங்கிவிடும்.

சாமி படம், குடும்பப் படம், வாசல் தோரணம் இவற்றை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். இங்கே மேரிலாந்திலேயே, பால்டிமோரில் ஹோம்லேண்ட் பகுதியில், 2021-இல் ஒரு கறுப்பினப் பேராசிரியர் தம்பதியின் வீட்டுக்கு 4,72,000 டாலர் என்று அப்ரைசல் வந்தது. சில மாதம் கழித்து, குடும்பப் படங்களை எடுத்துவிட்டு, வெள்ளையினத்தவரான சக பணியாளர் ஒருவரை வீட்டில் நிறுத்தி, வேறு லெண்டர் வழியாக இன்னோர் அப்ரைசல் எடுத்தபோது 7,50,000 வந்தது. 2022-இல் வழக்குப் போட்டார்கள். அப்ரைசர் குற்றச்சாட்டை மறுத்தார். கடன் நிறுவனம் 2024-இல் சமரசத்துக்கு வந்தது. இதையெல்லாம் படித்துவிட்டுப் படங்களை இறக்கி வைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் இறக்கவில்லை. சொந்த வீட்டில் தன் சாமியை ஒளித்துவைக்க வேண்டிய நிலைமை யாருக்கும் வரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உங்களுக்கு எது மனம் ஒப்புகிறதோ அதைச் செய்யுங்கள். நண்பரை வீட்டில் இருக்கச் சொல்வது உங்கள் விருப்பம். லோன் தாள்களில் மட்டும் எங்கும் பொய் எழுதிவிடாதீர்கள், அது வேறு பெரிய குற்றமாகிவிடும்.

அவர் வந்த நாளில் செய்ய வேண்டியது: வந்த நேரம், போன நேரம், எந்த அறைகளைப் பார்த்தார், என்ன கேட்டார், என்ன சொன்னார் என்று அன்றிரவே எழுதி உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். பேச்சை ரகசியமாகப் பதிவு செய்யாதீர்கள். மேரிலாந்தில் பேசுபவர்கள் எல்லாரும் சம்மதிக்காமல் ஒலிப்பதிவு செய்வது குற்றம். வாசல் கேமராவும் ஒலியைப் பதிவு செய்யும் என்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

3. அறிக்கையின் பிரதியைக் கையில் வாங்குங்கள்

லோன் ஆஃபீசர் தொலைபேசியில் ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, "இப்படி வந்திருக்கிறது" என்பார். முழு அறிக்கை உங்கள் உரிமை. வீட்டின் மேல் முதல் உரிமை உள்ள அடமானக் கடன் என்றால், 2014 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விதிப்படி, அறிக்கை முடிந்ததும் தாமதமில்லாமல் தர வேண்டும். எப்படிப் போனாலும், கடன் தாள்களில் கடைசியாகக் கையெழுத்திடும் க்ளோஸிங்குக்கு 3 வேலை நாள் முன்பாவது வந்துவிட வேண்டும். அப்ரைசல் கட்டணம் வாங்கலாம், ஆனால் பிரதி தருவதற்குத் தனியாகக் காசு கேட்கக் கூடாது. கடன் நிராகரிக்கப்பட்டாலும், நீங்களே விலகிக்கொண்டாலும் பிரதி உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மின்கையெழுத்துக்கு வரும் தாள்க்கட்டில், "3 நாள் முன்னதாகத் தரத் தேவையில்லை, க்ளோஸிங் அன்று தந்தால் போதும்" என்று நீங்களே விட்டுக்கொடுக்கும் ஒரு தாளும் இருக்கலாம். மஞ்சள் பெட்டிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகாதீர்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த 3 நாள்தான் உங்களுக்கு எதிர்த்து எழுதக் கிடைக்கும் நேரம்.

இன்னொன்று ரேட் லாக். வட்டியைப் பூட்டி வைப்பது பெரும்பாலும் 30, 45 அல்லது 60 நாள். அப்ரைசல் தகராறு ஆரம்பித்தால் நாள் ஓடும். நீட்டிக்கக் கட்டணம் கேட்பார்கள். தொடக்கத்திலேயே நீட்டிப்புக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். முடியுமானால் 30 நாளுக்குப் பூட்டாதீர்கள்.

4. அறிக்கையை வரி வரியாகப் படியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அறிக்கையிலும் "இந்த இனத்தவர் என்பதால் குறைக்கிறேன்" என்று யாரும் எழுத மாட்டார்கள். எந்த வீட்டோடு ஒப்பிடுவது, எதற்கு எவ்வளவு கழிப்பது என்ற சின்னச் சின்ன முடிவுகளுக்குள் அது ஒளிந்திருக்கும்.

பல ஆண்டுகளாகத் தனி வீட்டுக்குப் பயன்படுவது 1004 என்ற படிவம். 2026-இல் இதன் வடிவம் மாறுகிறது; ஆனால் பார்க்க வேண்டிய விஷயங்கள் அவையேதான். பழைய படிவத்தில் அக்கம்பக்கம் பற்றிய பகுதியிலேயே, இனமும் சுற்றுவட்டாரத்தின் இனக் கலவையும் மதிப்பீட்டுக்கான காரணிகள் அல்ல என்று அச்சிட்டிருக்கும். அந்த வரிக்குக் கீழே அப்ரைசர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.

முதலில் சும்மா உண்மைகள். முகவரி, கட்டிய ஆண்டு, படுக்கையறை, குளியலறை எண்ணிக்கை, மனை அளவு. பிறகு சதுர அடி. இதில் புதியவர்கள் ஏமாறுவார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஃபேனி மே கடன்களுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் ஆன்சி என்ற அளவு முறை கட்டாயம். தரைக்கு மேலே உள்ள தளங்கள் மட்டும்தான் வீட்டின் பரப்பளவில் சேரும். ஒரு தளத்தில் ஒரு பக்கம் மண்ணுக்குள் இருந்தால் அந்தத் தளம் முழுவதும் பேஸ்மென்ட் கணக்கு, பின்பக்கம் கதவைத் திறந்து தோட்டத்துக்கு நேரே நடந்து போக முடிந்தாலும் சரி. அதனால் "என் வீடு 3,000 சதுர அடி, இவர் 2,000 என்று எழுதிவிட்டார்" என்று எழுதும் முன் பேஸ்மென்டைக் கழித்துப் பாருங்கள். தப்பான இடத்தில் சண்டை போட்டால் மற்ற நல்ல வாதங்களும் எடுபடாது.

வீட்டின் நிலைக்கு ஒரு குறியீடு இருக்கும்: சி1 என்றால் புத்தம் புதிது, சி6 என்றால் பாதுகாப்பையோ கட்டட உறுதியையோ பாதிக்கும் அளவுக்குச் சேதம். பராமரித்து வைத்திருக்கும் வீடு சி3. சின்னச் சின்னப் பழுதுகள் கிடப்பில் இருந்தால் சி4. சமையலறையும் குளியலறையும் அண்மையில் மாற்றிய வீட்டுக்கு சி4 போட்டு, அதற்குக் காரணமும் எழுதாமல் விட்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுமானத் தரத்துக்கு க்யூ1 முதல் க்யூ6 வரை உண்டு.

அடுத்து, அக்கம்பக்கத்தின் எல்லை. வடக்கே இந்தச் சாலை, தெற்கே அந்தச் சாலை என்று எழுதியிருப்பார்கள். வரைபடத்தில் அந்த எல்லையைக் கோடு போட்டுப் பாருங்கள். பிறகு அவர் ஒப்பிட்ட வீடுகளை, இங்கே எல்லாரும் காம்ப்ஸ் என்று சொல்வார்கள், அதே வரைபடத்தில் புள்ளி வையுங்கள். தானே வரைந்த எல்லைக்கு வெளியே போய் வீடு எடுத்திருக்கிறாரா? எங்கள் அறிக்கையில் இங்கேதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. எல்லைக்குள் விற்ற வீடுகள் இருந்தும், விலை குறைந்த, கட்டுமானமே வேறு மாதிரியான இடங்களுக்குப் போயிருந்தார். இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று பார்த்தால், குடியிருப்பவர்களின் நிறம் ஒன்றுதான்.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆற்றைத் தாண்டி அடுத்த கவுன்ட்டியில் உள்ள க்ராஃப்டனில் இதே மாதிரி வீடு அதிக விலைக்கு விற்கிறதே, அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். பள்ளி வேறு, வரி வேறு என்று அதைத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பதிலில் நியாயமும் இருக்கிறது. உங்கள் வாதம் உங்கள் குடியிருப்புக்குள்ளேயே, அதே கவுன்ட்டிக்குள்ளேயே நின்றால்தான் பலம்.

காம்ப்ஸ் அட்டவணையில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. விற்ற தேதி: பொதுவாகக் கடந்த 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும். பத்து மாதம் முன்பு விற்ற வீட்டை எடுத்து, நடுவில் சந்தை ஏறியிருந்தும் அதற்கான திருத்தம் பூஜ்யம் என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். விற்பனையின் வகை: வங்கி பறிமுதல் செய்து விற்ற வீடு, அவசரமாகக் குறைத்து விற்ற வீடு இவற்றைச் சாதாரண விற்பனையோடு சமமாக வைத்திருக்கிறாரா? கூட்டல் கழித்தல்: உங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு குளியலறை இருந்தால் அதற்குப் பணம் கூட்டியிருக்கிறாரா, அல்லது குறைகளுக்கு மட்டும் பணம் போட்டு நிறைகளைக் காலியாக விட்டிருக்கிறாரா?

கடைசியாக, வார்த்தைகள். குற்றம் மிகுந்த பகுதி, ஒரே சமூகத்தினர் வாழும் இடம், குடியேறிகள் அதிகம், கோயில் பக்கம், மசாலா வாசனை இப்படிப்பட்ட சொற்கள் ஏதாவது இருந்தால் அடிக்கோடு போடுங்கள். அப்ரைசர்களின் தொழில்நெறி நூலான யூஸ்பாப்பில் 2024 ஜனவரி 1 முதல் பாகுபாடு கூடாது என்று தனிப் பிரிவே சேர்த்திருக்கிறார்கள். சொல்லில் மட்டும் அல்ல, குறிப்பால் உணர்த்துவதும் அதில் அடக்கம்.

5. நல்ல காம்ப்ஸ் தேடுவது

எதிர்த்து எழுத உங்களுக்கு மூன்று முதல் ஐந்து வீடுகள் வேண்டும். அதற்கு மேல் அனுப்பினால் பார்க்க மாட்டார்கள். ஃபேனி மே, ஃபிரெடி மேக் நெறியில் ஐந்துதான் உச்சம்.

உங்களுக்கு வீடு வாங்கித் தந்த ஏஜென்டைக் கூப்பிடுங்கள். இந்தப் பக்கம் ஏஜென்டுகள் பயன்படுத்துவது பிரைட் எம்எல்எஸ் என்ற வீட்டு விற்பனைப் பதிவுத் தளம். உங்கள் குடியிருப்பில் கடந்த ஒரு வருடத்தில் விற்று முடிந்த வீடுகளின் தாள்களை அதிலிருந்து எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் காசு கேட்பதில்லை. அவற்றை மேரிலாந்து வரி மதிப்பீட்டுத் துறையின் எஸ்டிஏடி இணையதளத்தில் சரிபாருங்கள். முகவரியைப் போட்டால் கடைசியாக விற்ற தேதியும் விலையும் வரும், இலவசம்.

எடுக்கக் கூடாதவை: விற்பனைக்குப் போட்டு இன்னும் விற்காத வீடு, ஒப்பந்தத்தில் நிற்கும் வீடு, உங்கள் வீட்டு அப்ரைசல் தேதிக்குப் பிறகு விற்ற வீடு. ஸில்லோ என்ற வீட்டு இணையதளம் காட்டும் மதிப்பையும் மாநில வரி மதிப்பையும் இணைக்காதீர்கள். இரண்டுமே ஆதாரமாக ஏற்கப்படாது, கடிதத்தின் கனத்தைத்தான் குறைக்கும்.

6. மறுபரிசீலனைக் கடிதம்

இதற்கு ரீகன்சிடரேஷன் ஆஃப் வேல்யூ என்று பெயர். லெண்டர்கள் ஆர்ஓவி என்பார்கள். 2024-இல் வங்கிக் கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் ஃபேனி மே, ஃபிரெடி மேக் விதிகளும் நடப்புக்கு வந்தன. அரசு காப்பீடு தரும் எஃப்எச்ஏ கடனுக்கென 2024-இல் கொண்டுவந்த தனி விதிகளை 2025 மார்ச்சில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், "உங்கள் நிறுவனத்தின் ஆர்ஓவி நடைமுறையையும் படிவத்தையும் அனுப்புங்கள்" என்று லெண்டரிடம் மின்னஞ்சலில் கேட்பதுதான் முதல் வேலை. தொலைபேசியில் கேட்டால் "அப்படி ஒன்றும் கிடையாது" என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. எங்களுக்கும் முதலில் அந்தப் பதில்தான் வந்தது. எழுத்தில் கேட்டதும் படிவம் வந்தது.

ஒரு அப்ரைசலுக்கு உங்களுக்குக் கிடைப்பது பொதுவாக ஒரே ஒரு வாய்ப்பு. அதனால் பாதிக் கடிதத்தை அவசரமாக அனுப்பிவிட்டு, மீதியை அப்புறம் சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். க்ளோஸிங் முடிந்துவிட்டாலும் இந்தக் கதவு மூடிவிடும்.

அப்ரைசரை நேராகக் கூப்பிடாதீர்கள். எல்லாம் லெண்டர் வழியாகத்தான். "இந்த மதிப்பு வேண்டும்" என்று எண் கேட்கவும் கூடாது. ஆனால் கூடுதல் தகவலைப் பரிசீலிக்கச் சொல்வது, பிழையைத் திருத்தச் சொல்வது, முடிவுக்கு விளக்கம் கேட்பது மூன்றையும் 2010-இன் டாட் ஃபிராங்க் சட்டமே அனுமதிக்கிறது. லோன் ஆஃபீசர் "சட்டப்படி அப்ரைசரிடம் நாங்கள் எதுவும் பேச முடியாது" என்றால் இதைச் சொல்லுங்கள்.

கடிதம் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். முதலில் உண்மைப் பிழைகள், பக்க எண்ணோடு: "2-ஆம் பக்கத்தில் குளியலறை இரண்டு என்று உள்ளது; மூன்று உள்ளன; பெர்மிட் இணைப்பு 1." அடுத்து, அவர் எடுத்த காம்ப்ஸில் என்ன பொருந்தவில்லை: "மூன்றாவது வீடு அறிக்கையே குறிக்கும் எல்லைக்கு வெளியே உள்ளது." பிறகு உங்கள் காம்ப்ஸ் ஓர் அட்டவணையாக: முகவரி, எம்எல்எஸ் எண், விற்ற தேதி, விலை, சதுர அடி, படுக்கையறை, எங்கள் வீட்டிலிருந்து தூரம், ஏன் இது கூடுதலாகப் பொருந்துகிறது என்று ஒரே ஒரு வரி. உங்களுக்குப் பாதகமான வித்தியாசம் இருந்தால் அதையும் எழுதுங்கள். மறைத்தால் அவர்கள் கண்டுபிடிப்பார்கள். இணைப்பாக எம்எல்எஸ் தாள்கள், பெர்மிட், செலவு ரசீது, படங்கள்.

7. பாகுபாட்டுச் சந்தேகத்தைத் தனிக் கடிதமாக எழுதுங்கள்

எல்லாவற்றையும்விட இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆர்ஓவி கடிதத்தில் எண்களும் ஆதாரமும் மட்டும் இருக்கட்டும். அதில் குற்றச்சாட்டைக் கலந்தால், சதுர அடியையும் காம்ப்ஸையும் பேச வேண்டிய இடத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அதற்காக விழுங்கிவிடாதீர்கள். நம் வீடுகளில் "எதற்கு வம்பு, லோன் கிடைத்தால் போதும்" என்று சொல்லும் ஒருவர் கட்டாயம் இருப்பார். எங்கள் வீட்டிலும் இருந்தார். ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டால் அடுத்த மாதம் அதே அப்ரைசர் உங்கள் பக்கத்து வீட்டுக்கு அதே கணக்கைப் போடுவார். அவர்களுடைய குறைந்த மதிப்பு, அதற்கடுத்த மாதம் விற்கும் வீட்டுக்கு ஆதாரமாகிவிடும். தெரு முழுவதும் கீழே போகும்.

ஆகவே லெண்டரின் நியாயக் கடன் பிரிவுக்கு, அப்படி ஒன்று இல்லாவிட்டால் சட்ட விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு, அதே நாளில் இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். லோன் ஆஃபீசருக்கு நகல் போகட்டும். ஒரு பக்கம் போதும். பார்த்தவற்றைத் தேதியோடு எழுதுங்கள்: இந்த எல்லைக்குள் இத்தனை விற்பனை இருந்தும் எடுக்கவில்லை, எடுத்த இடங்கள் இவை, அறிக்கையில் இந்தப் பக்கத்தில் இந்தச் சொல் உள்ளது, வந்த நாளில் இப்படிப் பேசினார். அப்புறம் நேராக, "இந்த மதிப்பீட்டில் எங்கள் இனம், பிறந்த நாடு அல்லது அக்கம்பக்கத்தின் இனம் தாக்கம் செலுத்தியிருக்கிறது என்று நம்புகிறோம், 1968-இன் ஃபேர் ஹவுசிங் சட்டத்தின்படியும் கடன் வாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின்படியும் விசாரிக்கும்படி கேட்கிறோம்" என்று எழுதுங்கள். அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்று ஊகிக்க வேண்டாம். புகார் சொன்னதற்காகக் கடன் விஷயத்தில் உங்களைப் பழிவாங்குவது சட்டப்படி தப்பு.

எங்கள் விஷயத்தில் இரண்டு கடிதமும் போன பிறகு திருத்திய அறிக்கை வந்தது. தூரத்து வீடுகள் இரண்டை எடுத்துவிட்டு, எங்கள் குடியிருப்பு வீடுகளைச் சேர்த்திருந்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. பிஎம்ஐ இல்லாமல் முடிக்கப் போதுமானதாக இருந்தது. பாகுபாடு பற்றிய கடிதத்துக்கு "ஆதாரம் இல்லை" என்று இரண்டு வரிப் பதில். அந்தப் பதிலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

8. மறுத்துவிட்டால்

"மாற்றமில்லை" என்று பதில் வந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அறிக்கையில் பெரிய குறை இருக்கிறது என்று லெண்டரே ஒப்புக்கொண்டால் இரண்டாவது அப்ரைசல் எடுக்கலாம்; அதற்கு யார் பணம் கட்டுவது என்று பேசுங்கள். நீங்களாக ஓர் அப்ரைசரை அமர்த்தி எடுக்கும் அறிக்கையை லெண்டர் கடனுக்குப் பயன்படுத்த மாட்டார். ஆனால் புகாருக்கும் வழக்குக்கும் அது நல்ல ஆதாரம். அந்தச் செலவும் ஏறக்குறைய முதல் அப்ரைசல் அளவுக்கு ஆகும்.

வேறு லெண்டரிடம் போகலாம். கட்டணமும் புதிது, ரேட் லாக்கும் புதிது. எஃப்எச்ஏ கடனில் கவனம் தேவை: அந்த அப்ரைசல் 180 நாள் செல்லும், லெண்டரை மாற்றினாலும் வீட்டோடு கூடவே வரும். ராணுவத்தில் இருந்தவர்களுக்கான விஏ கடனில் வீடு வாங்கும்போது, மதிப்பு ஒப்பந்த விலைக்குக் கீழே போகும் என்று தெரிந்தால் அப்ரைசர் முன்கூட்டியே தெரிவித்து, விற்பனை விவரம் தர 2 வேலை நாள் கொடுப்பார். அந்த அழைப்பு ஏஜென்டுக்கோ லெண்டருக்கோ வரும், தவறவிடாதீர்கள்.

நீங்கள் வாங்குபவர் என்றால், ஒப்பந்தத்தில் அப்ரைசல் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம். போட்டி அதிகம் என்று அந்த நிபந்தனையை விட்டுக்கொடுத்திருந்தால், மதிப்புக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும்.

9. புகார்: எங்கே, எத்தனை நாளுக்குள்

மத்திய வீட்டுவசதித் துறையான ஹட்டுக்கு, சம்பவம் நடந்த 1 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. விசாரணையை 100 நாளில் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. நடைமுறையில் அதிகம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் மனித உரிமை அமைப்புக்கு, எங்களுக்கு மேரிலாந்து கமிஷன் ஆன் சிவில் ரைட்ஸ், அதை அவர்களே அனுப்பவும் செய்யலாம். ஃபேர் ஹவுசிங் சட்டப்படி நீதிமன்றத்துக்குப் போக 2 வருடம். கடன் சட்டத்தின் கீழ் 5 வருடம்.

அப்ரைசரின் உரிமத்தைப் பற்றிய புகார் மாநில அப்ரைசர் வாரியத்துக்குப் போகும். அங்கே பாகுபாட்டைவிடத் தொழில் பிழைகளைத்தான் முதலில் பார்ப்பார்கள்; நான்காவது படியில் நீங்கள் குறித்து வைத்த எல்லாம் அங்கே உதவும். அப்ரைசர் தன் கோப்பைக் குறைந்தது 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதால், வாரியம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். லெண்டர் பிரதி தரவில்லை, பதிலே இல்லை என்றால் மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி-யின் தளத்தில் எழுதுங்கள். நிறுவனங்கள் பொதுவாக 15 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது அங்கே நடைமுறை.

எதைத் தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால், உங்கள் ஊரில் இயங்கும் ஃபேர் ஹவுசிங் தன்னார்வ அமைப்பை முதலில் கூப்பிடுங்கள். இலவசமாகக் கேட்பார்கள். ஒரே வீட்டை வேறு வேறு ஆட்களைக் காட்டிச் சோதிக்கும் முறையும் அவர்களுக்குத் தெரியும்; நீங்களாகச் செய்வதைவிட நீதிமன்றத்தில் நிற்கும்.

புகாரோடு இணைக்க: முதல் அறிக்கை, திருத்திய அறிக்கை, இரண்டு கடிதங்கள், லெண்டரின் பதில்கள், காம்ப்ஸ் வரைபடம், அப்ரைசர் வந்த நாளின் குறிப்பு, லெண்டர் தந்த லோன் எஸ்டிமேட் தாள். மின்னஞ்சல் தொடர்களைப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். க்ளோஸிங் முடிந்த பின் லெண்டரின் இணையக் கணக்கு மூடப்பட்டு எல்லாம் போய்விடும், அதனால் கணக்கு திறந்திருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஹட்டின் தொலைபேசி 1-800-669-9777. ஊரிலிருந்து வந்து வீட்டைத் தங்கள் பெயரில் வைத்திருக்கும் பெற்றோருக்காகக் கூப்பிடுகிறீர்கள் என்றால், ஆங்கிலம் பேசும் ஒருவர் உடன் இருக்கட்டும். முன்பு ஹட் கட்டணமில்லாமல் மொழிபெயர்ப்பாளர் தந்தது; 2025-இல் ஆங்கிலத்தில் மட்டும்தான் சேவை என்று மாற்றிவிட்டார்கள்.